மணியம் அண்ணன் லோரி ஓட்டினால் கம்ப்யூட்டர் மந்தமாகுமா?

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் பாரோய் என்ற ஊரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்து எனக்குப் பாதி முடி கொட்டிவிட்டது, மீதி நரைத்துவிட்டது. ஆனாலும் 'கேம் போட்டால் வீட்டுக் கம்ப்யூட்டர் ஸ்லோ ஆகுமா?' என்ற கேள்விக்கு என்னிடம் ஒரே பதில் இருந்ததில்லை. கேட்பவர் முகத்தைப் பார்ப்பேன். அம்மா கேட்டால், "ஆமாக்கா, கேம்தான் காரணம்." அதே வீட்டுப் பையன் கேட்டால், "கேம் என்னடா பண்ணும், ராம் மெமரி பத்தல." இருவரும் சந்தோஷமாகப் போவார்கள். கம்ப்யூட்டர் மட்டும் அப்படியே இருக்கும்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இந்த வித்தை பெரும்பாலும் பலிக்கும். கேம் பிடிக்கிறவரும் பிடிக்காதவரும் ஒரே நேரத்தில் எதிரே வந்து நின்று கேட்டால் மட்டும் பலிக்காது. நான் அப்படி மாட்டிக்கொண்டது கோலா சாவா என்ற ஊரில்.

1. ஒரு கேள்வி, இரண்டு முகம்

தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில் லெட்சுமி அக்கா வீடு. கல்யாணப் பத்திரிகை, பிறந்தநாள் பேனர், கருமாதி நோட்டீஸ் எல்லாம் வீட்டிலேயே டிசைன் செய்து கொடுப்பார். அவர் கணவர் மணியம் அண்ணன் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். சர்க்கரையில் கால் விரல் போனது, அதோடு லைசென்சும் போனது. சும்மா உட்கார்ந்திருந்தவருக்கு மகள் ஒரு லோரி ஓட்டும் கேமை இறக்கிக் கொடுத்துவிட்டு சிங்கப்பூர் வேலைக்குப் போய்விட்டாள். ஸ்டியரிங், பெடல் எதுவும் இல்லை, கீபோர்டுதான். அக்கா வேலை முடித்து எழுந்ததும் அண்ணன் உட்கார்ந்துவிடுவார். திரையில் பதினெட்டுச் சக்கர வண்டி, ஊர் பேர் தெரியாத நாட்டு ரோடு. அவருக்குக் கவலையில்லை. சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் போனபோது இருவரும் கம்ப்யூட்டருக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள்.

"குணா, பொண்ணு மாப்பிள போட்டோவ கொஞ்சம் நகத்துனா போதும், அப்படியே நிக்குது. தம்பின் டவுன்லேர்ந்து பத்திரிக எங்கன்னு போன் மேல போன். இவரு கேமு போட்டதுலேர்ந்துதான் இப்படி. கேமுதான் காரணம்னா இன்னைக்கே தூக்கிரு. இல்லைன்னா நான் இனிமே வாயே தொறக்க மாட்டேன்."

"தம்பி, நல்லா யோசிச்சுச் சொல்லுலா" என்றார் அண்ணன். "வண்டி ஒன்னுதான் இருக்கு எனக்கு."

நான் அக்கா முகத்தைப் பார்த்தேன். அண்ணன் முகத்தைப் பார்த்தேன். பிறகு வேறு வழியில்லாமல், என் தொழிலிலேயே முதல் முறையாக, கம்ப்யூட்டரைப் பார்த்தேன்.

சி டிரைவ் முட்ட நிறைந்திருந்தது. கம்ப்யூட்டரைத் திறந்ததும் கேமைத் தொடங்கிவைக்கும் லாஞ்சர் புரோகிராமும் கூடவே எழுந்து, யாரும் கேட்காமலே அப்டேட் இறக்கிக்கொண்டிருந்தது. நேர்மையாகச் சொன்னால் லாஞ்சர் தானாக எழுவதை நிறுத்திவிட்டு, பழைய பேனர் ஃபைல்களை வெளி டிஸ்க்குக்கு மாற்றியிருக்க வேண்டும். ஆனால் அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். காப்பி வேறு போட்டுக் கொடுத்திருந்தார்.

"கேம்தாங்கா" என்று சொல்லி, அங்கேயே அழித்துவிட்டேன்.

அண்ணன் வாசலுக்குப் போய், என் மோட்டார்சைக்கிளின் டயரை அமுக்கிப் பார்த்தார். "காத்து பத்தல" என்று மட்டும் சொன்னார். காற்று சரியாகத்தான் இருந்தது.

2. லோரி இல்லாத வீடு

கொஞ்ச நாள் கழித்து அக்கா போன் செய்தார். வேகமாக ஓடுகிறது என்று பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என நினைத்துக் குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டேன்.

"மறுபடி நிக்குது. இந்த மனுசன் எனக்குத் தெரியாம கேம திருப்பிப் போட்டுட்டாரு. நான் கேட்டா சாமி மேல சத்தியம் பண்றாரு. வந்து கண்டுபிடிச்சுக் குடு."

போய்ப் பார்த்தேன். கேம் இல்லை. லாஞ்சர் இல்லை. டிஸ்க்கில் இடம் தாராளமாக இருந்தது. கம்ப்யூட்டரும் ஹெட்மாஸ்டரைப் பார்த்த பையன் மாதிரி மளமளவென்று வேலை செய்தது. வைரஸ் தேடினேன், இல்லை. விண்டோஸைத் திட்டினேன். அதுவும் பதில் சொல்லவில்லை.

"இப்ப நல்லாத்தானே இருக்குக்கா?"

"நீ வந்தா நல்லாருக்கும். காலையில நல்லாருக்கும். ரெண்டு பத்திரிக பண்ணுனா படுத்துக்கும்."

அண்ணன் மூலை நாற்காலியில் இருந்தார். "நான் தொடவே இல்ல தம்பி. சொன்னா நம்ப மாட்டேங்கிறா. இருபது வருசம் டீசல் திருடாத டிரைவர நம்ப மாட்டேங்கிறா."

எனக்குத் தலை சுற்றியது. கேம் இருந்தபோது ஸ்லோ. எடுத்ததும் வேகம். கேம் இல்லாமலே மறுபடி ஸ்லோ. அப்படியானால் நான் அழித்தது சரியா தவறா? சரி என்றால் இப்போது ஏன் மந்தம்? தவறு என்றால் நடுவில் ஏன் வேகம்? "ராம் பத்தலக்கா" என்று என் பழைய மந்திரத்தைச் சொல்லிவிட்டு, வீடு என்ன வாசனையாக இருக்கிறது என்று வேறு பாராட்டிவிட்டு வந்தேன். அந்தப் பாராட்டை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

3. வண்டிக்கு உரிய மரியாதை

ராம் வாங்கிக்கொண்டு திரும்பப் போனது ஒரு வெள்ளிக்கிழமைக் காலை. அக்கா குளித்துக்கொண்டிருந்தார். கதவைத் திறந்துவிட்ட அண்ணன் நேராகக் கம்ப்யூட்டரிடம் போனார். சிபியுவின் தலையில் திருநீறு பூசினார். ஊதுபத்தியைக் கொளுத்தி மூன்று சுற்றுச் சுற்றினார். பிறகு அதைச் சிபியுவின் முன்பக்க ஓட்டை ஒன்றில் செருகினார். அளவெடுத்துச் செய்தது போல நின்றது பத்தி.

புகை மேலே போகவில்லை. ஒரு கோடாக வளைந்து, அப்படியே உள்ளே போனது.

"அண்ணே... இது தினமுமா?"

"பின்ன? லோரியில டேஷ்போர்டுல சொருகாம ஒரு நாளும் நான் ஸ்டார்ட் பண்ணதில்ல."

"இப்பதான் லோரியே இல்லையேண்ணே. கேம தூக்கிட்டோமே."

"ஷெட்ல நின்னா வண்டி வண்டி இல்லையா? அதுக்குக் காட்டித்தான் ஆவணும்" என்றார். கேமை அழித்தவனைப் பார்க்கும் பார்வை அது. நான் குனிந்து ஸ்குரூ டிரைவரைத் தேடினேன்.

மூடியைக் கழற்றியதும் கோயில் மடப்பள்ளிச் சுவர் மாதிரி இருந்தது உள்ளே. முன் ஃபேன் இழுத்த புகையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்காகி, தூசியும் சாம்பலும் அதன்மேல் அப்பி, சூடு தணிக்கும் ஹீட் சிங்கின் பல்லிடுக்கெல்லாம் அடைத்திருந்தது. காற்றுப் போக வழியில்லை. சூடு ஏறினால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால்தான் காலையில் வேகம், இரண்டு பத்திரிகைக்குப் பிறகு மந்தம். நான் வந்து கொஞ்ச நேரம் தட்டிப் பார்க்கும்போது சூடேறியிருக்காது, நல்ல பிள்ளையாக இருக்கும். கேமை அழித்ததும் டிஸ்க்கில் இடம் கிடைத்துக் கொஞ்ச நாள் ஓடியிருக்கிறது, அதற்குள் அடைப்பு முற்றிவிட்டது.

அக்கா தலைதுவட்டிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார். "அய்யோ, இதென்ன கருமம்!"

"பத்திப் புகைக்கா."

"நாந்தான் வாங்கிக் குடுத்தேன்" என்றார் மெல்ல. "மல்லியப்பூ வாசம். சோறு போடற மிசினுதானே, காட்டட்டும்னு விட்டுட்டேன்."

வீட்டில் சற்று நேரம் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. ஏனென்றால் அடுத்த ஆள் நான்தான்.

பின்பக்கம் தூக்கிக்கொண்டு போய் புளோவரால் ஊதினேன். பிரஷ் வைத்துத் தேய்த்தேன், சூடு கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றினேன். அக்கா உட்கார்ந்து பத்திரிகை மேல் பத்திரிகையாகத் திறந்து போட்டோக்களை இழுத்துப் பார்த்தார். நிற்கவில்லை.

"அப்ப கேமு?" என்றார், திரையைப் பார்த்துக்கொண்டே.

இங்கேதான் நான் நியாயமாகப் பேசக் கற்றுக்கொண்டேன் என்று எழுத ஆசை. உண்மையில் உளறினேன். "கேம் சும்மா டிஸ்க்ல கெடந்தா ஒன்னும் ஆவாதுக்கா. ஆனா டிஸ்க் நெறஞ்சா ஸ்லோ ஆவும். லாஞ்சர் தானா எந்திரிச்சாலும் ஆவும். வெளையாடறப்ப சூடாவும், மூடிட்டா ஆறிரும். அதனால கேம்தான், ஆனா கேம் இல்ல."

"எந்த மொழியில பேசறான் இவன்?" என்று அக்கா அண்ணனிடம் கேட்டார். பல நாள் கழித்து அவரிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான் போல. அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"போட்டுக் குடு" என்றார் அக்கா. "ஆனா பத்தி கூடாது."

கேமை இறக்கினேன். லாஞ்சர் தானாக எழாதபடி செய்தேன். பழைய பேனர்களை வெளி டிஸ்க்குக்கு மாற்றினேன். அண்ணன் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, யாருக்கும் கேட்காத குரலில், "நான் ஓட்டுனதெல்லாம் போயிருச்சா தம்பி? மொதல்லேர்ந்தா?" என்றார். அழித்த அன்று அதை நான் யோசிக்கவே இல்லை. நல்லவேளை, ஆட்டத்தைச் சேமித்த ஃபோல்டர் தனியாகத் தப்பியிருந்தது. அவர் கடைசியாக நிறுத்திய இடத்தில், சரக்கோடு, வண்டி அப்படியே நின்றது.

அண்ணன் உட்கார்ந்தார். ஆனால் கீபோர்டில் கை வைக்கவில்லை. அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். இப்போது அது பழகிவிட்டது. கடைசியில் அக்காவே உள்ளே போய் ஒரு வாழைப்பழம் கொண்டுவந்தார். சாமிக்குச் செருகுவது போல அதில் பத்தியைச் செருகி, தூரத்து ஜன்னல் கட்டையில் வைத்தார். புகை தோட்டத்துப் பக்கம் போனது.

என் வேலையில் நான் கற்ற பாடம் இதுதான்: என்ன கேம் இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், அந்த வீட்டில் கம்ப்யூட்டரை யார் என்னவாக வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அதையும் மூடியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். இவ்வளவு தெரிந்த பிறகும், கேம் போட்டால் ஸ்லோ ஆகுமா என்று யாராவது கேட்டால் எனக்குக் கொஞ்சம் குழப்பமாகத்தான் இருக்கிறது.

அண்ணன் வண்டியை எடுத்தார். நான் பின்னால் நின்று பார்த்தேன். மழை ரோடு, இறக்கம், முன்னால் பெரிய வளைவு. வேகம் குறையவில்லை. என்னால் பொறுக்க முடியவில்லை.

"அண்ணே, பிரேக்! பிரேக் அமுக்குங்கண்ணே!"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"லோரியில ஏறுனா வாய மூடிக்கிட்டு வா."