மாயாற்று வளைவில் மாதன்

நான் ஒரு கைடு, குன்னூர்க்காரன். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் சிரிப்பவன் நான்தான், ஏனென்றால் அந்தக் கதைகளில் பாதியைக் கட்டிவிடுவதே நான்தான். நீங்களும் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் இது நடந்தது.

கோத்தகிரி மலைக்குக் கீழே மாயாற்றில் பரிசல் பயணம் கூட்டிப் போவேன். முதலை, நீர்நாய் எல்லாம் காட்டி, கஜலட்டி கணவாய் வழியாக மைசூர்ப் படை இறங்கிய வரலாறும் சொல்வேன். அது முடிந்தால் பெரிய வளைவு வரை வெறும் தண்ணீர்தான், ஆட்கள் கொட்டாவி விடுவார்கள். அதற்காகப் போன வருஷம் ஒரு கதை கட்டினேன். அந்தக் காலத்தில் மாதன் என்று ஒரு பரிசல்காரர், வளைவுக்கு அப்பால் யானை நின்றால் கரையிலிருந்து மூன்று முறை கூப்பிட்டுப் பரிசல்களை நிறுத்துவார், செத்த பிறகும் கூப்பிடுகிறார் என்று. மாதன் எங்கள் வீட்டு ஆட்டுக்கிடாயின் பேர். அவசரத்துக்கு வேறு பேர் வாயில் வரவில்லை.

அன்று சாயங்காலம் நாலு மணி, நல்ல வெயில். சேலத்துக் கணவன் மனைவி, மடியில் கைக்குழந்தை. துடுப்பு போட்டவர் ரங்கண்ணன். எங்களோடு அவருக்கு அதுதான் முதல் நாள். குழந்தை தூங்கியதால் நான் மாதன் கதையைச் சொல்லவே இல்லை.

வளைவு நெருங்கும்போது கரையிலிருந்து "ஓ...ய்" என்று ஒரு கூப்பாடு. பிறகு இன்னொன்று. ரங்கண்ணன் உடனே பரிசலை நாணல் ஓரம் ஒதுக்கினார். அடுத்த நிமிஷம் குட்டியோடு ஒரு யானைக் கூட்டம் தண்ணீரில் இறங்கியது, நாங்கள் போயிருக்க வேண்டிய அதே இடத்தில். குழந்தை விழித்து யானையைப் பார்த்துச் சிரித்தது.

கூட்டம் கடந்த பிறகு கேட்டேன். "ஏனுங்கண்ணா, கூப்பிட்டது யாருங்க?"

"மாதனுங்க. எங்கப்பன் காலத்துலயே கூப்பிடுமுங்க."

அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "மூணு தடவை இல்லைங்களா?"

"ரெண்டுதானுங்க," என்றார் தண்ணீரைப் பார்த்தபடி. "மூணாவது கேட்டவங்க கரை சேந்ததில்லீங்க."

இப்போதும் வாரத்தில் இரண்டு நாள் அந்த ஆற்றில்தான் பிழைப்பு. கதையில் இரண்டு என்று திருத்திக்கொண்டேன். கிடாயைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வளைவு வந்ததும் நான் தொண்டை கிழியப் பாட ஆரம்பித்துவிடுவேன். கைடு ஜாலியான ஆள் என்று எல்லோரும் கை தட்டுகிறார்கள். மூன்றாவது என் காதில் விழுந்துவிடக் கூடாது, அதற்குத்தான்.