பெயிண்டுக்குள் போன ரிவிட்

போன வாரம் அட்டுவம்பட்டியில் மகள் வீட்டு ஜன்னல் கம்பிக்குப் பெயிண்ட் அடிக்க ஒரு பையன் வந்தான். துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே சிவப்பைப் பூசினான். "தம்பி, அடியில என்ன இருக்குன்னு பாத்தியா?" என்றேன். "எல்லாம் மறைஞ்சிரும் பாட்டி" என்றான். அதற்குப் பிறகு எனக்கு வீட்டுக்குள் இருப்பு கொள்ளவில்லை. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

மறைந்துவிடும் என்பது எனக்குத் தெரியாதா என்ன. ஒட்டன்சத்திரத்துக்கும் பழனிக்கும் நடுவே, மலையிலிருந்து இறங்கும் ஓடை மேல் ஆறு கண் ரயில் பாலம் ஒன்று இருந்தது. மீட்டர் கேஜ் என்ற சின்ன லைன் ஓடிய காலம். கல்தூண், அதன் மேல் இரும்பு கர்டர்; தூணுக்கும் தூணுக்கும் நடுவே உள்ளது ஒரு கண். வெயிலுக்குக் கர்டர் நீளும் என்று ஒரு முனையை உருளை மேல் விட்டிருப்பார்கள். அந்த உருளைக்குக் கிரீஸ் வைப்பதும், துரு சுரண்டுவதும், பெயிண்ட் அடிப்பதும் எங்கள் கேங்கின் சோலி. சுரண்டுவதில் என் கைக்கு ஈடு கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

கேங்கில் ஒரு வழக்கம் உண்டு. மேஸ்திரி கருப்பையா முன்னால் போவார். கர்டர் தகடுகளைச் சேர்த்து இறுக்கும் ஆணிதான் ரிவிட். ஆட்டம் கண்ட ரிவிட்டின் தலைக்குக் கீழே துரு கண்ணீர் மாதிரி வழிந்திருக்கும். அதை 'அழுத ரிவிட்' என்போம். ஒரு பக்கம் விரலை வைத்துக்கொண்டு மறுபக்கம் சுத்தியலால் தட்டுவார். விரலுக்குள் அதிர்ந்தால் சாக்கட்டியால் வட்டம் போடுவார். அவர் போன பிறகுதான் நாங்கள் சுரண்ட வேண்டும்; முன்னாலேயே சுரண்டினால் அழுத தடம் போய்விடும்.

அன்றைக்கு மேஸ்திரி ஸ்டேஷன் வரைக்கும் போயிருந்தார். வருவதற்குள் மூன்றாவது கண்ணை முடித்துக் காட்டுகிறேன் பார் என்று சுரண்டியைத் தூக்கினேன். அழுகை வழிந்த இடங்கள் கண்ணில் படத்தான் செய்தன. கை நிற்கவில்லை. சுரண்டி, துடைத்து, சிவப்பும் பூசியாகிவிட்டது.

கூட வேலை பார்த்த செல்லத்தாயி கீழேயிருந்து பார்த்துச் சிரித்தாள். "கல்யாணப் பொண்ணுக்கு மஞ்ச பூசுன மாதிரியில்ல பூசியிருக்க!"

மேஸ்திரி வந்ததும் கேட்டார்: "ஏத்தா, அழுத ரிவிட்டு எதும் இருந்துச்சா?"

"இல்லங்க."

அந்த வாய் ஏன் அப்படிச் சொன்னது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். சாயங்காலப் பாசஞ்சர் அந்தக் கண் மேல் போகும்போது, மொட்டை போடப் போகிற பிள்ளைகள் ஜன்னல் வழியே கையாட்டினார்கள். எனக்கு அன்றைக்கு ராச்சோறு இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. மூன்றாம் நாள் வெள்ளனே மேஸ்திரி முன்னால் போய் நின்று சொல்லிவிட்டேன்.

"கர்டர் என்ன ஒங்க வீட்டு வாசப்படியா, வெள்ளிக்கெழமைக்குக் கழுவி விடுறதுக்கு?" என்று கத்தினார். "எத்தன?"

"மூணுங்க. மூணுன்னுதான் நெனக்கிறேன்."

அந்தக் கண் முழுக்கத் தட்டினார். இரண்டு அகப்பட்டன. அறுத்தெடுத்துவிட்டு, அடுப்பில் பழுக்கக் காய்ச்சிய புது ரிவிட்டை அடித்து இறுக்கினார்கள். மூன்றாவது அகப்படவில்லை. நான் அடம்பிடிக்க, மனுசர் இன்னொரு தரமும் தட்டினார்.

"ரெண்டுதான்த்தா. ஒனக்குக் கண்ணு மயங்கியிருக்கும். வெரசா அடுத்த கண்ணுக்குப் போ."

போனேன். மனசு போகவில்லை. எத்தனையோ வருசம் அந்த ரயிலில் பழனிக்குப் போய் வந்திருக்கிறேன். மூன்றாவது கண் வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். என் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு, அதுகளும் சேர்ந்து பிடிக்கும்.

பிறகு பெரிய லைன் வந்தது. பக்கத்திலேயே கான்கிரீட் பாலம் கட்டினார்கள். பழைய கர்டர்களை இறக்கி வெட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கையில் ஒரு சுத்தியலோடு பஸ் ஏறினேன். தரையில்தானே கிடக்கும், நானே விரல் வைத்துப் பார்த்துவிடலாம் என்ற நினைப்பு. மூன்றாவது கண் எங்கே என்று கேட்டதும், கேஸ் வைத்து வெட்டிக்கொண்டிருந்தவன் சிரித்தான்.

"பழைய இரும்புக்குப் போற சாமானுக்கு வைத்தியமா ஆத்தா? மூணாவது கண்ணு நேத்தே லாரி ஏறிருச்சு."

இப்போது அந்தக் கல்தூண்களை இடிக்காமல் காக்க வேண்டும் என்று சிலர் கிளம்பியிருக்கிறார்கள். நல்ல காரியம். சுண்ணாம்புச் சாந்து இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. வேலை பார்த்தவள் என்று என்னையும் கூட்டிப்போய் மூன்றாவது தூணின் முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். "அசையாம நில்லுங்க பாட்டிம்மா" என்று படம் எடுத்த பொண்ணு நாலு தரம் சொல்லிற்று.

நானும் நிற்கத்தான் பார்த்தேன். பார்வை மேலேயே போனது. தூணுக்கும் தூணுக்கும் நடுவே வெறும் வானம் கிடந்தது. பக்கத்துப் பாலத்தில் ரயில் ஒன்று அதிராமல் போனது. அந்தக் கான்கிரீட்டில் ரிவிட்டே கிடையாதாம். இரண்டா மூன்றா என்று விரல் வைத்துக் கேட்க, ஊரில் அந்த இரும்பில் ஒரு துண்டுகூட மிச்சமில்லை.