கொம்பு முளைத்த மீன்

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் நானும் என் தம்பியின் பெண்சாதியும் அடுத்தடுத்த வீடுகளில் வெளிநாட்டுக்காரருக்கு அறை வாடகைக்கு விடுகிறோம். போன வருஷம் மச்சாள் கொழும்பிலிருந்து பழங்கால ஐரோப்பிய வரைபடமொன்றின் பிரதியை வாங்கிவந்து தன் வீட்டுச் சுவரில் மாட்டினாள். அதில் இலங்கை இந்தியாவை விடப் பெரிசு. எங்கள் குடாவுக்குள் கொம்பு முளைத்த மீனொன்று வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. தம்பலகாமப் பக்கம் வரைந்திருக்கிற யானை மட்டும்தான் உண்மை. வந்தவர்கள் எல்லாரும் அந்த மீனுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

"முழுக்கப் பிழையடி" என்றேன்.

"ஓம் மச்சாள், அதிலதானே வடிவு" என்று சிரித்தாள்.

விடுவேனா? அதே படத்தை அச்சகத்தில் கொடுத்து, தீவைச் சுருக்கி, குடாவை உள்ளபடி வளைத்து, மீனை அழித்து, இரண்டு மடங்கு பெரிசாக அடித்து என் விறாந்தையில் மாட்டினேன். யாராலும் ஒரு பிழை பிடிக்க ஏலாது.

அடுத்த கிழமை பயணப் பைகளோடு ஒரு சோடி வந்தது. என் படத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு அந்தப் பெண் மரியாதையாகக் கேட்டாள்: "மீன் இருக்கிற வீடு இதுதானே?"

என் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது: "இல்லை, பக்கத்து வீடு."