கேம்ப் கோச் குழாய்

எங்கள் வீட்டுக்குச் சக்கரம் உண்டு என்று நான் சொன்னபோது மூன்றாம் வகுப்பில் ஒருத்தியும் நம்பவில்லை. அது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. எங்கள் வீடு பொன்மலை ரயில்வே காலனியில் நின்ற இடத்தில்தான் நின்றது. ஆனால் அப்பா ரயில் பாலங்களைப் பராமரிக்கும் பிரிவில் மேற்பார்வையாளர். எந்தப் பாலத்தில் வேலையோ அதற்குப் பக்கத்து ஸ்டேஷனில், ஓரத்துத் தண்டவாளத்தில், அவர் தங்குவதற்கென்று ஒரு ரயில் பெட்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். கேம்ப் கோச் என்று அதற்குப் பெயர். உள்ளே கட்டில், மேசை, சமைக்க ஒரு சின்ன அறை, குளிக்க அதைவிடச் சின்ன அறை, குழாய் அதில் மட்டும்தான். கூரைமேல் தண்ணீர்த் தொட்டி. வேலை முடிந்ததும் ஏதாவது ஒரு ரயிலின் வாலில் கோத்து அடுத்த ஊருக்கு இழுத்துப் போவார்கள்.

அம்மா அதில் காலெடுத்து வைத்ததே இல்லை. ரயிலில் ஏறினால் இறங்க வேண்டும், அதில் போய் யாராவது குடித்தனம் பண்ணுவார்களா என்பது அவளுடைய கட்சி. அந்தக் கோடை விடுமுறையில் அப்பா அவளைக் கேட்கவே இல்லை. பெட்டி படுக்கையைத் தானே கட்டினார். எங்கள் இருவரையும் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் நின்ற கோச்சுக்குக் கூட்டிவந்துவிட்டார். கொள்ளிடம் பாலத்தில் அப்போது வேலை நடந்துகொண்டிருந்தது.

மாசியில் தம்பி இறந்துபோயிருந்தான். தவழ ஆரம்பித்திருந்தான். காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். அம்மா மட்டும் அழவில்லை. "அழுதுடு, அழுதாத்தான் ஆறும்" என்று அத்தை அவள் தோளைப் பிடித்து உலுக்கிப் பார்த்தாள். அம்மா அத்தையின் கையை மெதுவாக எடுத்து அப்பால் வைத்தாள். அன்றிலிருந்து பேச்சும் நின்றுபோயிற்று. சோறு போடுவாள், எனக்குத் தலை பின்னிவிடுவாள், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். அவ்வளவுதான். அம்மாவுக்குத் தொண்டை வலி என்றே நான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோச்சுக்கு வந்த மறுநாள் காலை, அப்பா ஜன்னல் கம்பியில் கண்ணாடியை மாட்டி முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். குளிக்கும் அறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"என்னங்க, இந்தக் குழாயில தண்ணி நூலாட்டம் வருது."

அப்பாவின் கை அப்படியே நின்றது. கன்னத்தைக் கீறிக்கொண்டுவிட்டார் என்று நான் எட்டிப் பார்த்தேன். ரத்தம் எதுவும் இல்லை. முகத்தில் பாதி சோப்பு நுரையோடு எழுந்து ஓடி, குழாயின் முன்னால் போய் நின்றார்.

"எப்பலேருந்து இப்படி வருது?"

"வந்ததுலேருந்தே இப்படித்தான். ஒரு சொம்பு நெறயறதுக்குள்ள பொழுது போயிடும் போலருக்கு."

அப்பா குழாயின் தலையைக் கழற்றினார். வாஷரை எடுத்து விரலால் தேய்த்து மறுபடி போட்டார். வாயை வைத்து ஊதினார். நூல் நூலாகவே இருந்தது. இரும்பு ஏணியில் ஏறிக் கூரைமேல் தொட்டியைத் திறந்து பார்த்தார். ஸ்டேஷன் குழாயிலிருந்து ரப்பர் ஹோஸ் போட்டு முதல்நாள்தான் நிரப்பியிருந்தார்கள், தொட்டி தளும்பிக்கொண்டிருந்தது. இறங்கி வந்து, சாயங்காலம் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

சாயங்காலமும் பார்த்தார். அடுத்த நாளும் பார்த்தார். அம்மா தினமும் கேட்டாள். அரிசி களைய முடியவில்லை என்றாள். எண்ணெய்ப் பாத்திரம் பிசுக்குப் போகமாட்டேன் என்கிறது என்றாள். ஒருநாள், "அத்தாம்பெரிய பாலத்தையே பாத்துக்கறீங்க, ஒரு குழாயைச் சரி பண்ண முடியலையா?" என்று கேட்டேவிட்டாள். அப்பா சிரித்தார். மாசிக்குப் பிறகு அவர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

பாலத்து வேலைக்காகப் பொன்மலையிலிருந்து ஒரு ஃபிட்டர் வந்தார். பேச்சுவாக்கில் அப்பா குழாயைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். அவர் கூரைமேல் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். நான் கோச்சின் நிழலில் ஜல்லிக்கற்களை வைத்து ஆடிக்கொண்டிருந்தேன்.

"டேங்குல பைப்பு சேர்ற எடத்துல ஒரு சல்லடை இருக்கு சார். துரு ஏறி அடைச்சுக்கிட்டிருக்கு. கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சாப் போதும். பத்து நிமிஷ வேலை, இப்பவே முடிச்சுடறேன்."

"வேணாம், இருக்கட்டும்."

"நீங்க ஏன் சார் தண்ணிக்குச் சிரமப்படணும்?"

"இருக்கட்டும்பா. நான் பாத்துக்கறேன்."

அவர் ஒன்றும் புரியாமல் தலையைச் சொறிந்துகொண்டு போனார். எனக்கும் புரியவில்லை. நேரே உள்ளே ஓடினேன். அம்மா முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஃபிட்டர் வந்து சரி பண்றேன்னாரு. அப்பா வேணாம்னு அனுப்பிட்டாரு!"

அம்மாவின் விரல்கள் அரிசியின் மேல் நின்றன. ஜன்னல் வழியாக, தண்டவாளத்தின் ஓரமாக நடந்துபோகும் அப்பாவின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இன்றைக்குப் பெரிய சண்டை உண்டு என்று நான் காத்திருந்தேன்.

அன்று மாலை அப்பா ஷூவைக் கழற்றும்போதே அம்மா கேட்டாள்: "என்னங்க, இன்னிக்காவது அந்தக் குழாயைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். என்ன கோளாறுன்னே பிடிபடலை."

"நல்லாப் பாருங்க."

நான் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். பொய் சொன்னால் எனக்கு அடி விழும் வீடு அது.

சித்திரைத் தேர் வந்தது. லால்குடிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஜனங்கள் ரயில் ரயிலாக வந்து இறங்கினார்கள். ஜன்னலிலும் படிக்கட்டிலும் தொற்றிக்கொண்டு வந்தார்கள். பிளாட்பாரம் முழுவதும் மேளமும் கோவிந்தா கோஷமுமாக இருந்தது. கூடுதல் ரயில்கள் ஓடியதால் பாலத்தில் அன்று வேலை கிடையாது. அப்பா கோச்சிலேயே இருந்தார்.

ஒரு பெண் கூட்டத்திலிருந்து விலகித் தண்டவாளத்தைத் தாண்டி எங்களிடம் வந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. தம்பி வயதுதான் இருக்கும்.

"கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா. நெரிசல்ல புள்ள வாந்தி எடுத்துட்டான். அந்தக் குழாய்க்கிட்ட நெருங்கவே முடியலை."

குழந்தை கழுத்திலிருந்து கால்வரை நனைந்து, வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அப்பா அவசரமாக எழுந்தார். "நீ இரு, நான் பிடிச்சுக் குடுக்கறேன்" என்று அம்மாவை மறித்தார். அம்மா அவரைத் தாண்டி வாசல்படிக்குப் போய் இரண்டு கைகளையும் நீட்டினாள். கீழே நின்றவள் குழந்தையைத் தூக்கிக் கொடுத்தாள்.

அம்மா அவனைக் குளிக்கும் அறைக்குக் கொண்டுபோனாள். குழாயைத் திறந்தாள். நூல் வந்தது. எவ்வளவு நேரம் பிடித்தும் சொம்பின் அடிகூட மறையவில்லை. குழந்தையின் அழுகை ஏறிக்கொண்டே போயிற்று.

"என்னங்க" என்றாள் அம்மா. தினமும் கேட்கும் குரல் இல்லை அது. "மேல ஏறி அதைச் சரி பண்ணுங்க."

அப்பா கம்பி பிரஷை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். தலைக்குமேல் தேய்க்கும் சத்தம் கேட்டது. குழாய் இருமிற்று. செக்கச்செவேலென்று துருத்தண்ணீரைத் துப்பிற்று. பிறகு அறை முழுவதும் தெறிக்கும்படி தண்ணீர் வந்தது. அம்மாவுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. சிவப்பு தெளியும்வரை குழந்தையை நெஞ்சோடு ஒதுக்கி வைத்திருந்தாள். பிறகு காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, அவனைக் கால்மேல் குப்புறக் கிடத்தினாள். உள்ளங்கையைக் குழாய்க்கு அடியில் பிடித்து, அதில் பட்டு வழியும் தண்ணீரை மட்டும் அவன்மேல் விட்டாள். கழுத்து மடிப்பு, அக்குள், முழங்காலின் பின்பக்கம். அவன் அழுகையை நிறுத்தினான். தன் முந்தானையால் துவட்டி, இரண்டு காதிலும் ஊதி, வாசலுக்கு எடுத்துவந்து கொடுத்தாள்.

"மவராசியா இருக்கணும்மா" என்றாள் அந்தப் பெண். "ஒங்களுக்கு எத்தன புள்ளைங்க?"

"ரெண்டு" என்றாள் அம்மா.

நான் வாயைத் திறந்தேன். ஏணியில் பாதி இறங்கியிருந்த அப்பா என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

அந்தப் பெண் குழந்தையோடு மேளச் சத்தத்துக்குள் போய் மறைந்தாள். உள்ளே குழாயை யாரும் மூடவில்லை. அது பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா வாசலிலேயே மடங்கி உட்கார்ந்தாள். அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அதுவரை எந்த மனிதரிடமும் நான் கேட்டிராத சத்தம். அப்பா ஏணியிலிருந்து குதித்து, இரண்டே எட்டில் வாசல்படி ஏறி வந்தார். என்னைப் பார்த்து, "கண்ணு, ஓடிப்போய் ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட மணி என்னன்னு கேட்டுட்டு வா" என்றார்.

இவ்வளவு பெரிய கூட்டத்தில் என்னைத் தனியாக அனுப்புகிறார் என்பதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. இடுப்புகளுக்கும் மூட்டைகளுக்கும் நடுவில் நுழைந்து நுழைந்து போனேன். ஸ்டேஷன் மாஸ்டர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, பத்தேகால் என்றார். மறந்துவிடக் கூடாதே என்று, பத்தேகால், பத்தேகால் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடிவந்தேன்.

குழாய் மூடியிருந்தது. அம்மாவும் அப்பாவும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அப்படி அவர்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அம்மா அழுதுகொண்டேதான் இருந்தாள். அவள் கை அப்பாவின் கைகளுக்குள் இருந்தது.

"பத்தேகால்ப்பா!" என்றேன்.

அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று இன்னும் உரக்கச் சொன்னேன். "சரிம்மா" என்றார். யார் கேட்டது, எதற்குக் கேட்டது என்ற நினைவே இல்லாதவர்போலச் சொன்னார். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. அப்போதுதான் அவருடைய மணிக்கட்டைக் கவனித்தேன். கைக்கடிகாரத்தின் கண்ணாடிமேல் துருத்தண்ணீர் படிந்திருந்தது. தண்ணீர் புகுந்து நின்றுவிட்டது, பாவம், அதனால்தான் என்னை அனுப்பியிருக்கிறார் என்று நினைத்து, குனிந்து காதை வைத்துக் கேட்டேன். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.