திருத்தாமல் கொடுத்த பாட்டு

என் பாட்டு வெளியே வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்ததே ஒரு டிரெய்லர் லாரியின் கேபினிலிருந்துதான். திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டின் கேட்டில் எனக்கு வேலை. உள்ளே வரும் வண்டி நம்பர், பெட்டி நம்பர், சீல் நம்பர் மூன்றையும் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அன்று ஒரு டிரைவரிடம் பேப்பர் வாங்கிக்கொண்டிருந்தபோது அவருடைய போனில் அது ஓடியது. வரிகள் நான் எழுதியவை. மெட்டும் நான் போட்டதுதான். குரல் மட்டும் வேறு யாரோ ஒரு பெண்ணுடையது.

அந்தப் பாட்டை நான் பாடிக் கொடுத்தது ராயபுரத்தில் ஒரு அண்ணனின் ரூமில். என் அண்ணனோடு படித்தவர். மாடியில் ஒற்றை ரூமில் முட்டை அட்டைகளை ஒட்டி ஸ்டூடியோ வைத்திருந்தார். யூடியூபில் சேனலும் உண்டு. ஒரு பகல் முழுக்க என்னை நிற்க வைத்துப் பாடச் சொல்லிப் பதிவு செய்தார். "சூப்பரா வந்துகீதும்மே, மிக்ஸிங் முட்சிட்டு அனுப்பறேன்" என்றார். அனுப்பவில்லை.

அன்று மாலையே நேராக ராயபுரம் போனேன். டீக்கடையில் நாலைந்து பேரோடு நின்றிருந்தார். எல்லோர் முன்னாலும் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார்: "உன்னுது மீன் கூவி விக்கிற தொண்டம்மே. மைக்குக்குலாம் ஆவாது. சுதியே நிக்கல, நான் இன்னா பண்றது?"

கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். என் அம்மா காசிமேட்டில் மீன் எடுத்துத் தண்டையார்பேட்டைத் தெருக்களில் கூவி விற்பவர். அது அந்த அண்ணனுக்கு நன்றாகத் தெரியும்; அவர் வீட்டுக்கும் அம்மாதான் மீன் கொடுப்பார். நான் பஸ் ஏறினேன். பஸ்ஸில் உட்கார்ந்தபோதே முடிவு செய்துவிட்டேன், இந்த ஆளைச் சும்மா விடக் கூடாது என்று.

அடுத்த மாதம் பழைய ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்கினேன். மைக்கைக் கம்ப்யூட்டரோடு சேர்க்கிற சிவப்பு நிறப் பெட்டி. எங்கள் பக்கத்தில் எல்லோரும் சவுண்ட் கார்டு என்பார்கள். அது என்னைப் படுத்திய பாட்டை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. முதல் பத்து நாள் கம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு பெட்டி இருப்பதே தெரியவில்லை. தெரிந்த பிறகு, நான் பாடுவது ஹெட்போனில் ஒரு நொடி தள்ளிக் கேட்டது. எதிர்வீட்டில் யாரோ எனக்குப் பழிப்புக் காட்டுவதுபோல. அந்தத் தாமதத்தைக் குறைத்தால், எண்ணெயில் கடுகு போட்டதுபோல் குரல் வெடித்தது. வெடிப்பை நிறுத்தினால் தாமதம் திரும்ப வந்தது.

அது ஒருவழியாக ஒழிந்ததும் ஒரு ரீங்காரம். மைக்கை மாற்றினேன், ஒயரை மாற்றினேன், போகவில்லை. கடைசியில் ஒரு எலக்ட்ரீஷியன் வந்து பார்த்து, எங்கள் பிளக் பாயின்ட்டில் எர்த்தே கிடையாது என்றார். எர்த் போட்டதும் ரீங்காரம் நின்றது. அதன்பின்தான் ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தமும், கொருக்குப்பேட்டை பக்கம் கூட்ஸ் வண்டி பெட்டி மாற்றுகிற சத்தமும், மெயின் ரோட்டில் லாரிகள் அடிக்கிற ஹாரனும் மைக்கில் விழுவது தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கறிச்சோறு தின்றுவிட்டுத் தெருவே படுத்துவிடும். ஃபிரிட்ஜை அணைத்து, ஜன்னலில் இரண்டு போர்வையைத் தொங்கவிட்டு, வேர்வை கண்ணில் இறங்க அப்போது பாடுவேன். அம்மா ஃபிரிட்ஜைப் பார்த்துப் புலம்புவார்.

மிக்ஸிங் சாஃப்ட்வேர் அதைவிட மோசம். கற்றுத்தருகிற வீடியோவில் எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். என் கம்ப்யூட்டரில் அந்த பட்டன் இருக்காது. ஒரு முறை அப்டேட் கேட்டது, சரி என்றேன். மறுநாள் திறந்தால் மூன்று வாரம் உட்கார்ந்து செய்த வேலையில் வெறும் குரல் மட்டும் மிச்சம். அன்று அழுதேன். அழுதுவிட்டு அந்த அண்ணனின் சேனலைத் திறந்து, என் பாட்டை அந்தப் பெண் பாடுவதை முழுக்கக் கேட்டேன். திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தேன். தளர்ந்துபோகும் நாளெல்லாம் அதைத்தான் செய்தேன். வேறு எதுவும் என்னை அவ்வளவு உட்கார வைத்திருக்காது.

இரண்டு வருடத்தில் கை பழகிவிட்டது. தெரிந்தவர்கள் சிலர் பாட்டு கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் அந்த ராயபுரத்து அண்ணன் வந்தார். திருட்டு சாஃப்ட்வேர் வைத்திருந்தார். அது திடீரென்று பூட்டிக்கொண்டு எதையும் திறக்க மாட்டேன் என்றதாம். அவருடைய அக்கா மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் நீராட்டு விழா. தாய்மாமன் சீர் கொண்டு வரும்போது போடுவதற்காக அவரே ஒரு பாட்டு எழுதிப் பாடியிருந்தார். குரலையும் வாத்தியங்களையும் ஒரு பென் டிரைவில் கொடுத்து, "நீதான் ஒயுங்கா பண்ணுவனு சொன்னாங்கோ" என்றார். பழைய கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

ஒப்புக்கொண்டேன். சத்தியமாக, முதலில் ஒழுங்காகத்தான் செய்தேன். அவர் குரலைத் தனியாக ஓட விட்டு, சுருதி விலகிய இடங்களை சாஃப்ட்வேரில் ஒவ்வொன்றாக இழுத்து நேராக்கினேன். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. பல்லவியிலேயே பாதி விலகல். மேலே போகும் இடமெல்லாம் கிழிந்தது. என் குரலில் நான் இவ்வளவு திருத்தியதே இல்லை. இத்தனை வருடம் இந்த மனிதர் தன் குரலை இப்படித்தான் சரிசெய்து சரிசெய்து வெளியே விட்டிருக்கிறார். நடுவில் ஒரு வரி மட்டும், தங்கச்சியாய்ப் பிறக்காத அக்கா மகளே என்று வருவது, எந்தத் திருத்தமும் தேவைப்படாமல் அழகாக இருந்தது. அந்த ஒரு வரி எனக்கு வெறுப்பாக இருந்தது.

வேலையை முடித்து சேமித்தேன். பிறகு இன்னொன்று செய்தேன். அதில் எதையும் கெடுக்கவில்லை. ஒரு நகல் எடுத்து, அதில் திருத்தத்தை மட்டும் நீக்கினேன். எக்கோ இல்லாமல், துளி பூச்சு இல்லாமல், அவர் பாடியது பாடியபடி, வாத்தியங்களுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். விழா அன்று காலை அதைத்தான் ஸ்பீக்கர்காரருக்கு அனுப்பினேன்.

அம்மாவும் நானும் மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். அவர் பட்டு வேட்டியில் வளையல் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார். பின்னால் சீர்வரிசையோடு பெண்கள். பாட்டு ஆரம்பித்தது. முதல் வரியிலேயே அவருடைய நடை நின்றது. மேல் சுருதியில் குரல் கிழிந்தபோது பின்னால் இருந்த பையன்கள் சிரித்தார்கள். அவர் தட்டைப் பிடித்த கையாலேயே ஸ்பீக்கர்காரருக்குச் சைகை காட்டினார். சத்தம் போதவில்லை என்கிறார் என்று நினைத்து அந்த ஆள் இன்னும் ஏற்றினார். முழுப் பாட்டும் ஓடி முடிந்தது. ஒவ்வொரு நொடியையும் நான் உட்கார்ந்து ரசித்தேன்.

சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில் என்னைப் பிடித்தார். "இன்னாம்மே பண்ணி வச்சிகீற?"

"நான் ஒண்ணியும் பண்ணலண்ணா. நீ பாடினது அப்டியே கீது."

அவருக்குப் புரிந்துவிட்டது. டீக்கடையில் சொன்னதையா, என் பாட்டை எடுத்ததையா, எதைச் சொல்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. முகம் மட்டும் மாறியது. "என் அக்கா பொண்ணு விசேஷத்துலயா?" என்றார். குழாயை மூடிவிட்டு நடந்தேன்.

ஷேர் ஆட்டோவில் வரும்போது அம்மா, "அந்தப் புள்ள நல்லாத்தான் பாடிகினுகீறான், அவன் அக்கா கண்ணு கலங்கிடுச்சி" என்றார். அம்மாவிடம் நான் எதையும் சொன்னதில்லை, மீன் கூவுகிற தொண்டை என்று அந்த அண்ணன் சொன்னதையும்கூட.

நாலு நாள் கழித்து அவர் போன் செய்தார். கோபமெல்லாம் இறங்கியிருந்தது. விழா வீடியோவில் சேர்க்க வேண்டும், சரிசெய்த பாட்டு இருந்தால் கொடு என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். இருக்கிறது, கொடுக்க மாட்டேன் என்றேன். போனை வைத்ததும் அதைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தேன்.

வீடியோவில் ஏதோ சினிமாப் பாட்டைப் போட்டதாகக் கேள்வி. அம்மாவிடம் மீன் வாங்குவதை அந்த வீட்டார் நிறுத்தவில்லை. அவர் மட்டும் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார். அவருடைய அக்கா மகளை ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளை நினைத்தால் கொஞ்சம் உறுத்துகிறது. அவரை நினைத்தால் ஒன்றும் இல்லை.