ஜமால்தீன் நானா கேட்ட ஓரங்குலம்

போன வாரம், தேநீரைக் கையில் எடுத்தபோதுதான் தெருமுனைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஜமால்தீன் நானாவின் பெயரைச் சொன்னது. காலமாகிவிட்டாராம். அம்பிட்டியவில் பதினேழு வருடங்கள் என் பக்கத்து வீட்டுக்காரர். மெத்தை, தலையணை தைப்பவர். அவரைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: சண்டை போடத் தெரியாத மனிதர். தெரிந்திருந்தால் இன்று இருந்திருப்பாரோ என்னவோ.

அவருடைய பஞ்சுக் கொட்டில் என் வீட்டுச் சுவரோடு சாய்த்துக் கட்டியது. தகரக் கூரை சுவரைத் தொடும் இடத்தில் ஒழுகும். நான் குடிவந்த முதல் மழைக்காலத்திலேயே வந்து கேட்டார்.

"தம்பி, மேலால சீமெந்து பூசினா வெயிலுக்கு வெடிக்கிது. ஒங்கட செவர்ல ஓரங்குலம் வெட்டி, தகரத்த உள்ளுக்குச் செருகினாத்தான் ஒழுக்கு நிக்கும்."

நானோ காணி உறுதி எழுதும் நொத்தாரிசு ஒருவரிடம் எழுதுவினைஞன். எல்லை வழக்குகளையே பார்த்துப் பார்த்துப் புத்தி கோணிப்போனவன். இன்றைக்கு ஓரங்குலம் வெட்டினால் நாளைக்குச் சுவரில் பாதி தனது என்பார், இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார் என்று நினைத்தேன்.

"வேணாம் நானா, பிறகு உறுதியில சிக்கல் வரும்" என்றேன்.

"சரி தம்பி, ஒங்கட செவர்தானே" என்று போய்விட்டார்.

அதன்பின் வருடா வருடம் தார் பூசினார். வருடா வருடம் அது விட்டுப்போனது. நனைந்த பஞ்சை உதறி உதறி இருமல் பிடித்தது. "ஈரத்துல நிக்க வாணாமுன்டு டொக்டர் சொல்லீக்கி. கேக்குறாரா இவர்?" என்று அவர் மனைவி என் மனைவியிடம் சொல்லி அழுததும் எனக்குத் தெரியும். அப்போதும் சுவரைத் தொட விடவில்லை. அவர் வீட்டு நோன்புக் கஞ்சி மட்டும் தவறாமல் வந்தது. வெட்கமில்லாமல் குடித்தேன்.

அவர் இறந்த அன்று ஜனாஸாவைக் குளிப்பாட்ட அந்தக் கொட்டிலைத் தவிர இடமில்லை. விடாத மழை. அவருடைய தம்பி நனைந்தபடி என் வாசலில் வந்து நின்றார்.

"சேர், நானாட மேல்ல ஒழுகுது. ஒங்கட செவர்ல ரெண்டு ஆணி அடிச்சு ஒரு பொலித்தீன் கட்டட்டா?"

ஐயோ, அப்போதும் என்னிடம் அனுமதி! அழுதுவிட்டேன். ஆணிகளை நானே அடித்தேன்.

நானா, நேற்றுச் சுவரை வெட்டினேன். நீங்கள் சொன்னபடியே ஓரங்குலம். தகரத்தைச் செருகி, சீமெந்து வைத்து அடைத்தேன். இன்று பின்னேரம் மழை கொட்டியது. உள்ளே போய் நின்று பார்த்தேன். பஞ்சு மூட்டைகளை உங்கள் தம்பி குண்டசாலையில் உள்ள தன் வீட்டுக்கு ஏற்றிப் போய்விட்டார். வெறும் தரை, காய்ந்து கிடக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள். போய் வாருங்கள், நானா.