கேப்டன் ராட்னி அழுதாரா

எழுபத்து நாலாம் வருடம் ஜலகண்டாபுரத்தில் சின்னண்ணனின் தறிக்கூடத்துக்குத் தார் சுற்றும் வேலைக்கு வந்தபோது சாலம்மாளுக்குப் பதினெட்டு வயது. நாலு தறிகள் ஓடும் கூடம். ஒரு மூலையில் ராட்டையைப் போட்டுக்கொண்டு, தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் சின்னக் குழல்களில் நூல் ஏற்றிக் கொடுப்பது அவள் வேலை. எட்டாவது வரை படித்தவள். பஸ் நிலையத்துக் கடையில் மாதம் ஒரு முறை வந்து தொங்கும் ‘கலங்கரை காமிக்ஸ்’ இதழ் என்றால் அவளுக்கு உயிர். மத்தியானச் சோறு உண்ட கையோடு அதைப் பிரித்து வைத்துக்கொள்வாள்.

ஒரு நாள் படித்துக்கொண்டே அவள் சிரித்துவிட, தறிக்குழியில் இருந்த சின்னண்ணன் தலையைத் தூக்கினார்.

“என்ன சாமி அது, எங்களுக்கும் சொன்னா நாங்களும் சிரிப்பமில்ல.”

சாலம்மாள் உரக்கப் படித்தாள். ‘நில்.’ ‘ஆ.’ ‘தொலைந்தான்.’ அடுத்த தறியில் இருந்த அப்புசாமி, “யாரு நில்லுங்கறான், யாரு தொலஞ்சான், ஒண்ணும் வெளங்கலியே” என்றார். படக்கதையில் எழுத்தை மட்டும் படித்தால் கதை வராது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நெசவுக்காரர்களோ இழையிலிருந்து கண்ணை எடுக்க முடியாது. அதனால் படத்தையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, வானம் எப்படிக் கறுத்திருக்கிறது, பேசுகிறவன் முகத்தில் என்ன இருக்கிறது என்று கட்டம் கட்டமாகச் சொன்னாள். ஒரு புத்தகம் முடியப் பத்து நாள் ஆனது. இரண்டு புத்தகம் முடிவதற்குள் கூடத்தில் இரண்டு கட்சி உண்டாகிவிட்டது.

இதழில் இரண்டு வெளிநாட்டு நாயகர்களின் கதைகள் மாறி மாறி வந்தன. ஒருவர் கேப்டன் ராட்னி, கப்பல்காரர். இன்னொருவன் செம்பருந்து, குதிரை மேல் பாலைவனம் சுற்றுகிறவன். சின்னண்ணன் ராட்னி கட்சி. அப்புசாமி செம்பருந்து கட்சி.

“உங்காளு பேசியே ஆளக் கொன்னுபோடுவான்” என்பார் அப்புசாமி. “எதிரி கத்தியோட நிக்கறான், இவன் அரைப் பக்கம் புத்தி சொல்லீட்டு நிக்கறான். எங்காளு வாயத் தொறக்க மாட்டான். கண்ணு ஒண்ணு போதும்.”

“உங்காளு துப்பாக்கீல குண்டு எத்தன?”

“ஆறு.”

“நேத்து நம்ம சாலம்மா பதினோரு டுமீல் படிச்சா. நான் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்.”

அப்புசாமி அறுந்த இழை ஒன்றை எடுத்து முடிந்தார். அப்புறம், “அவன் குண்டு போடற எடத்த படம் போட்டவன் காட்டாம உட்டிருப்பான். எல்லாத்தையுமா காட்டுவாங்க” என்றார். சாலம்மாள் சிரித்தாளே தவிரத் தீர்ப்புச் சொல்லவில்லை. உள்ளுக்குள் அவளும் ராட்னி கட்சிதான். அதைச் சொன்னால் அப்புசாமி அவள் சொல்லும் கதையையே நம்ப மாட்டார்.

‘எரிமலைத் தீவு’ என்ற ராட்னி கதை வந்தபோது அவள் ஒரு குறை கண்டுபிடித்தாள். இருபத்து மூன்றாம் பக்கத்தில் கேப்டனுக்கு இடது தோளில் குண்டு பாய்கிறது. நாற்பதாம் பக்கத்தில் கட்டு வலது தோளில் இருக்கிறது. இரண்டு நாள் அது அவளைத் தூங்கவிடாமல் குடைந்தது. கடைசியில் ஒரு கார்டு வாங்கி, மை சிந்தாமல் எழுதி, ஆசிரியருக்குப் போட்டுவிட்டாள். அடுத்த இதழில் வாசகர் கடிதங்களில் அது வந்தது. கீழே ‘கு. சாலம்மாள், ஜலகண்டாபுரம்’ என்று அச்சில் பெயர். சின்னண்ணன் தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்து, அந்தப் பெயரின் மேல் விரலை வைத்துப் பார்த்தார்.

அதற்கடுத்த மாதம் வந்தது இடி. ‘ஜலகண்டாபுரம் சாலம்மாள் படத்தைப் பார்த்தாரே தவிரக் கவனிக்கவில்லை. நாற்பதாம் பக்கத்தில் தெரிவது கண்ணாடியில் விழுந்த கேப்டனின் உருவம். கண்ணாடியில் இடது வலதாகும் என்பதை அவருக்கு யாராவது சொன்னால் நல்லது. – தங்கசாமி, பரமத்தி வேலூர்.’

அவள் ஓடிப் போய்ப் பழைய இதழை எடுத்தாள். கேப்டனைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு, மூலையில் சின்னதாய் ஒரு பூவேலைப்பாடு. கண்ணாடிச் சட்டம்தான். அது தெரியாமல் அந்தப் படத்தைக் கூடம் முழுக்கச் சொல்லியிருக்கிறாள். சாயங்காலம் மறுபடி பக்கத்தைத் திருப்பினாள். அடுத்த கட்டத்தில் கேப்டன் மேல்தளத்துக்கு வந்துவிடுகிறார். அங்கேயும் கட்டு வலது தோளில்தான்.

‘மேல்தளத்தில் கண்ணாடி எப்படி வந்தது என்று வேலூர் தங்கசாமி சொன்னால் தெரிந்துகொள்கிறேன்’ என்று எழுதிப் போட்டாள்.

அப்படி ஆரம்பித்தது மூன்று வருடம் நடந்தது. ஆசிரியருக்கும் அது பிடித்துப்போயிருக்க வேண்டும், இருவர் கடிதங்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாகப் போட்டார். செம்பருந்துக் கதைகளில் புழுதிகூட உயிரோடு இருக்கிறது, ராட்னி கதைகளில் கடல் எல்லாப் பக்கத்திலும் ஒரே அலையாக இருக்கிறது என்றார் தங்கசாமி. செம்பருந்துக் கதைகளில் பெண்கள் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வேலை செய்வதில்லை என்றாள் சாலம்மாள். அதற்கு வந்த பதில் ஒரே வரி: ‘எல்லா இதழ்களையும் எடுத்துப் பார்த்தேன், அவர் சொல்வது சரி.’ எதிராளி ஒத்துக்கொண்டால் சந்தோஷப்பட வேண்டும். சாலம்மாளுக்கோ, இனி எதைச் சொல்லிச் சண்டை பிடிப்பது என்று இருந்தது.

எழுபத்தெட்டில் மழைக்காலம் தொடங்கியதும் தங்கசாமியின் கடிதங்கள் நின்றுபோயின. ஒரு இதழ், இரண்டு இதழ், நாலு இதழ். அவள் வேண்டுமென்றே செம்பருந்தைத் திட்டி ஒரு கடிதம் எழுதிப் பார்த்தாள். அதற்கும் பதில் இல்லை. இதழ் கைக்கு வந்ததும் கதையை விட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்தைப் பார்ப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது.

“கல்யாணம் காச்சின்னு ஏதாவது வேலையா இருப்பாங்க” என்றார் சின்னண்ணன்.

“நாலு மாசமாவுங்களாண்ணா?”

தை மாதம் நாமக்கல்லில் ஒரு கல்யாணம். அங்கே இருந்த சின்னம்மா மாரியாயியைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு, மறுநாள் காலையில் பரமத்தி வேலூர் பஸ் ஏறினாள். புத்தகத்தில் சண்டை போட்ட ஆளைப் பார்க்கப் போகிறோம் என்றதும் சின்னம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் வந்தாள்.

வெற்றிலை மண்டியில், புத்தகத்தில் பேர் வருகிற தங்கசாமி என்று கேட்டதும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம். வாசலில் ஒரு அம்மாள் வெற்றிலையை ரகம் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே கயிற்றுக் கட்டிலில் ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒருவர், சட்டையில்லாமல், காலடிச் சத்தம் கேட்டு முகத்தை மட்டும் திருப்பினார். பார்வை அவள் மேல் விழாமல் பக்கத்துச் சுவரில் போய் நின்றது.

“யாருங்க அது?”

“நானுங்க. ஜலகண்டாபுரம் சாலம்மாளுங்க.”

அவர் துண்டைத் தடவி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, “குரலப் பாத்தா சின்னப் புள்ளையாட்ட இருக்குது. நான் என்னமோ வாத்தியாரம்மான்னு நெனச்சிட்டிருந்தேன்” என்றார். வாசல் பக்கம் திரும்பி, “கண்ணாத்தா, ரெண்டு பேருக்கும் மோர் கொண்டா. நம்மள மூணு வருசமா வைஞ்ச அம்மிணி வந்திருக்குது” என்றார்.

இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. மனைவி கண்ணாத்தாளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். “கேக்கறாரேன்னு படிச்சுக் காட்டுனனுங்க” என்றார் அந்த அம்மாள். “படத்துல என்ன இருக்குது, படத்துல என்ன இருக்குதுன்னு உசுர வாங்குனாரு. ஒரு ஆளு நிக்கறான், ஒரு ஆளு உளுந்து கெடக்கறான். வேறென்னத்தங்க சொல்றது? அப்பறம் அவரே வேண்டான்னுட்டாரு.”

அதற்கப்புறம் வந்த இதழ்கள் அலமாரியில் பிரிக்காமலே இருந்தன. சாலம்மாள் மேலே இருந்ததை எடுத்துக் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்தாள். ‘கடைசித் துறைமுகம்’ என்ற கதை. ராட்னி தன் கப்பல் எதிரி கையில் சிக்கக் கூடாதென்று தானே அதை மூழ்கடிக்கிறார். இரண்டு மணி நேரம் அவள் சொன்னாள். எந்தக் கட்டத்தில் வெறும் கடல், எந்தக் கட்டத்தில் மேகத்துக்கு நடுவே வெளிச்சம் விழுகிறது என்பதைக்கூட விடவில்லை. நடுவில் தங்கசாமி, “அலை எப்பிடிப் போட்டிருக்கறான், பழையபடி ஒரே மாதிரிதான?” என்று கேட்டார். “இல்லீங்க, இந்தத் தடவ நல்லாப் போட்டிருக்கறானுங்க” என்றாள். அவர் உறுமினார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த மாரியாயி, கப்பல் பாதி முழுகும்போது கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசிக் கட்டத்தில் எழுத்தே இல்லை. ஒரு கயிற்றைப் பிடித்தபடி படகில் நிற்கும் கேப்டனின் முகம் மட்டும்.

“அழுவறாருங்க” என்றாள் சாலம்மாள். “கண்ணுல தண்ணி நிக்குது.”

“ராட்னியா? அவன் அழுவற ஆளில்லியே.”

“அழுவறாருங்கய்யா.”

அவர்கள் கிளம்பும்போது தங்கசாமி, “நாலு மாசத்துல இன்னைக்குத்தான் சாமி பொழுது போனதே தெரியல” என்றார். பஸ்ஸில் சாலம்மாள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த வருடம் கோடையில் நாமக்கல்லில் கண் முகாம் போட்டார்கள். கண்ணாத்தாள் அவரைப் பிடிவாதமாகக் கூட்டிப் போய் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் செய்ய வைத்தது சாலம்மாளுக்குத் தெரியாது. ஆவணி இதழைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. கடைசிப் பக்கத்தில் முதல் கடிதமே அவருடையது.

‘டாக்டர் கொடுத்த தடிக் கண்ணாடியைப் போட்டதும் முதலில் என் மனைவியைப் பார்த்தேன். இரண்டாவதாக “கடைசித் துறைமுகம்” கதையின் கடைசிப் படத்தைப் பார்த்தேன். ஜலகண்டாபுரம் சாலம்மாளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கேப்டன் அழவில்லை. முகத்தில் தெறித்திருப்பது கடல் தண்ணீர்.’

சாலம்மாள் அதைக் கூடத்தில் உரக்கப் படிக்கத் தொடங்கினாள். பாதியில் நிறுத்திவிட்டாள். சின்னண்ணன், “என்ன சாமி, வைஞ்சிருக்கறாங்களா?” என்றார்.

“ஆமாங்ணா” என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “நல்லா வைஞ்சிருக்கறாரு.”

தெறித்த தண்ணீர் என்றால் கன்னத்தில் இருக்கும், இமையோரத்தில் எப்படி நிற்கும் என்று அன்றைக்கே கார்டு எழுதினாள்.

எண்பத்தொன்றில் பனமரத்துப்பட்டியில் பூ விவசாயம் செய்யும் கந்தன் அவளைப் பெண் பார்க்க வந்தான். பெண்ணின் பெயர் புத்தகத்தில் வருகிற விஷயம் அவன் காதுக்கும் போயிருந்தது. “எனக்குப் படக்கதையெல்லாம் தெரியாது” என்றான். “ஆனா படிக்க வேண்டாம்னு சொல்ல மாட்டேன்.” அவனும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். கல்யாணத்துக்குத் தங்கசாமியும் கண்ணாத்தாளும் ஒரு கூடை வெற்றிலையோடு வந்தார்கள். பந்தியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்த அப்புசாமி, தன் கட்சிக்காரரை நேரில் கண்ட சந்தோஷத்தில் இலையில் வைத்ததைக்கூடத் தொடாமல் பேசிக்கொண்டிருந்தார்.

எண்பத்தைந்தில் இதழ் நின்றுபோனது. அறிவிப்பு எதுவும் இல்லை. கடைக்காரர் இரண்டு மாதம் “இன்னும் வரலீங்க” என்றார், மூன்றாம் மாதம் சாலம்மாள் கேட்பதை விட்டுவிட்டாள். கடிதம் போட இடமில்லாததால் இருவரும் நேராகக் கார்டு எழுதிக்கொண்டார்கள். பழைய கதைகளைத்தான் திரும்பத் திரும்பக் கிளறினார்கள்.

எண்பத்தேழு பங்குனியில் ஒரு நாள், சாலம்மாள் அரளி மொட்டுகளை நிழலில் பரப்பிக்கொண்டிருந்தபோது, கண்ணாத்தாளோடு தங்கசாமி வந்து இறங்கினார். சேலத்தில் ஒரு விசேஷமாம். சாக்கு அது. மடியிலிருந்து ‘கடைசித் துறைமுகம்’ இதழை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்து வைத்தார்.

“இதுக்கு ஒரு முடிவு கட்டீட்டுத்தான் போறது.”

இருவரும் குனிந்தார்கள். இமையோரம் என்றாள் அவள். அது கோடு, தண்ணியே இல்லை என்றார் அவர். கந்தனைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “எனக்கு வெய்யல்ல கண்ணு கூசுதுங்க” என்று நழுவினான்.

மோர் குடித்து முடித்த கண்ணாத்தாள் சொம்பை வைத்துவிட்டு, “இங்க கொண்டாங்க” என்று இதழை வாங்கினார். இத்தனை வருடத்தில் அவர் ஒரு படத்தைத் தானாகக் கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை. எட்டப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார்.

“ரெண்டு பேரும் மூஞ்சியவே கட்டீட்டு அழுவறீங்க. கையப் பாருங்க. கயித்த எப்பிடிப் புடிச்சிருக்கறான். கயிறு சதையில முழுகிப் போச்சு. இந்தப் புடி புடிக்கறவன் அழுதா என்ன, அழுவாட்டி என்ன.”

சாலம்மாள் இதழைத் தன் பக்கம் இழுத்தாள். தங்கசாமி தடிக் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். எட்டு வருடமாக இருவரும் பார்த்த படம். அந்தக் கையை இருவருமே பார்த்திருக்கவில்லை.

“ஏனுங்க, நெசந்தானுங்க” என்றாள் சாலம்மாள் மெதுவாக.

“நெசம்னு உடனே ஒத்துக்காத” என்றார் தங்கசாமி. “எந்தக் கையின்னு பாரு மொதல்ல. இடதா, வலதா?”

மூன்று பேரும் தலையோடு தலை முட்டக் குனிந்தார்கள். சேலம் பஸ் வந்து, நின்று, போயே போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.